ஒரு நிமிடம்

ஒலிம்பியாவில் ஜனவரி மழை
கீழிருந்தும் பெய்யும்.
பழைய துணிக்கடையில் ஒன்பது டாலருக்கு எடுத்த கோட்,
அதன் உள்பையில் யாரோ ஒருத்தியின் பல்வைத்தியர் ரசீது,
கழுத்தில் அட்டை: வதனி, பயிற்சியாளர்.
சம்பளம் கிடையாது. பஸ் பாஸ் உண்டு.

என் வேலை கதவு தட்டுவது.
நாற்பத்தொன்பது செனட்டர்கள்.
மாரிட் தந்த தாளில் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும்
ஆம், இல்லை, அல்லது கேள்விக்குறி.
நான் பார்க்க வேண்டியது கேள்விக்குறிகளை.
அவர்கள் இருக்க மாட்டார்கள்.
உதவியாளர்கள் இருப்பார்கள், என் வயதுதான்,
மேசைக்கடியில் சப்பாத்தைக் கழற்றிக் காயவைத்தபடி.
"எங்கள் செனட்டர் திறந்த மனதோடு இருக்கிறார்."
மூன்றாம் வாரம்தான் விளங்கியது,
திறந்த மனம் என்றால்
ஆளில்லாத வீடு.

மசோதா சின்னது, பன்னிரண்டு பக்கம்.
டயர் தேய்கிறது. தூசு தெருவில் கிடக்கிறது.
மழை அதை ஓடைக்குக் கூட்டிப்போகிறது.
கடலெல்லாம் சுற்றிவிட்டு
பிறந்த தண்ணீரை மோப்பம் பிடித்து ஏறிவரும் கோஹோ மீன்
வயிறு நிறைய முட்டையோடு
வட்டமடிக்கிறது, வாய் பிளக்கிறது,
சில மணி நேரத்தில் மல்லாந்து போகிறது.
எங்கள் அபார்ட்மென்ட்டுக்குப் பின்னாலேயே பார்த்தேன், போன நவம்பரில்.
ஒன்றைக் கையில் தூக்கினேன்.
என் பிடியில் வயிறு அமுங்கி
விரலிடுக்கால் ஆரஞ்சு முத்துகள் உருண்டன,
ஒன்றுகூட இடப்படாதவை.

இதைத்தான் எழுதி வைத்திருந்தேன்.
இரண்டு நிமிடம் தருவார்கள் என்றார்கள்.
குளியலறைக் கண்ணாடி முன்னே, கடிகாரம் வைத்து,
ஒரு நிமிடம் ஐம்பத்தெட்டு நொடி.

அன்றைக்குப் பார்த்துத் தொண்டை கட்டிவிட்டது.
பக்கத்து நாற்காலியில் வெண்டெல்,
டயர் கம்பெனிகளின் ஆள்,
எல்லா உதவியாளர்களின் நாய்க்குட்டிப் பெயரும் தெரிந்தவர்.
என் இருமலுக்கு இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்,
மூன்றாம் முறை
சட்டைப்பையிலிருந்து ஒரு எலுமிச்சை மிட்டாய் நீட்டினார்.
வாங்கிக்கொண்டேன்.

"பெயர்கள் நிறைய இருக்கின்றன,
ஆளுக்கு ஒரு நிமிடம்" என்றார் தலைவர்.
"அடுத்து, மிஸ் வடானி?"

நாற்காலியிலிருந்து மைக்குக்கு எட்டு அடி.
அந்த எட்டு அடிக்குள் பாதியை வெட்ட வேண்டும்.
பிரிவு எண்ணில் கை வைக்க முடியாது.
செலவுக் கணக்கிலும் முடியாது, மாரிட் பின்வரிசையில் இருக்கிறாள்.
மீனை வெட்டினேன்.

"நன்றாகப் பேசினாய்," என்றார் வெண்டெல். பொய்யில்லை.
அவருடைய மிட்டாய்
இன்னும் என் கன்னத்துக்குள் இருந்தது.

அந்தக் குழுவைத் தாண்டியது. நிதிக் குழுவையும் தாண்டியது.
கெடு ஒரு செவ்வாய், மாலை ஐந்து மணி.
மேல்மாடத்தில் இருந்து பார்த்தேன்.
எங்கள் மசோதாவை யாரும் எதிர்க்கவில்லை.
யாரும் எடுக்கவேயில்லை.
நாலரைக்கு ஒருவர் எழுந்து
மாநிலத்துக்கென்று ஒரு பூசணி வேண்டும் என்றார்.
பூசணிக்கு நண்பர்கள் அதிகம்.
ஐந்தடித்தது.

செத்துவிட்டது என்பார்கள் இங்கே, இப்படிப் போனால்.
மாரிட் தாளை நாலாக மடித்தாள்.
அம்மா போனில் கேட்டபோது சொன்னேன்,
"கிடப்பில போட்டிட்டினம்."
"படுத்துத்தானே கிடக்கு," என்றாள், பின்னால் குக்கர் கூவ,
"எழும்பும். நீ சாப்பிட்டியா?"

வெளியே கார் நிறுத்துமிடம்.
எண்ணெய் வானவில் ஒன்று
வடிகால் கம்பிக்குள் மெல்ல நழுவியது.
பக்கத்தில் யாரோ வார்ப்புருவில் தீட்டிய நீல மீன்,
வால் பக்கம் பெயிண்ட் உதிர்ந்து.
குனிந்தேன். தொண்டை சரியாகியிருந்தது.
மிச்சமிருந்த ஐம்பத்தெட்டு நொடியையும்
அதனிடம் சொல்லியிருப்பேன்.
பஸ் வந்துவிட்டது.

ஏறினேன்.
கோட்டுப் பைக்குள் மிட்டாய்த் தாளும் ரசீதும்.
ஆறு டயர்களும் நனைந்த சாலையில்
உஸ்ஸென்று
தேய்ந்துகொண்டே
என்னை வீட்டுக்குக் கொண்டுபோயின.